மூன்று ஓட்டையும் நாலு முழத் துணியும்

"எங்க புள்ள வெட்டினது? காட்டு பாப்பம்."

போன ஞாயிறு நாவற்குடாவில், புவனா மச்சாள் வீட்டில் கேட்ட கேள்வி இது. மச்சாள் என் மனைவியின் அக்கா. கொழும்பில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து பத்து நாள். கேட்டவர் பாக்கியம் அக்கா — வருத்தம் பார்க்கக் களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்த சொந்தக்காரர்.

மச்சாள் அறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். வெளியே வந்த பாக்கியம் அக்காவின் முகத்தில் அப்படியொரு ஏமாற்றம். "இவ்வளவுதானா? விலாவில மூணு ஓட்டை..."

ஒரு வருடமாய் மச்சாள் பட்ட பாடு அவருக்கு எங்கே தெரியும்? காலையில் நன்றாய் இருப்பார். பின்னேரமானால் இமை தொங்கும், பேச்சுக் குழறும், சோற்றை மெல்லவே தாடை களைத்துவிடும். மயஸ்தீனியா கிராவிஸ் என்றார்கள். நரம்பு சொல்வதைத் தசை கேட்காத வருத்தம். நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியை எடுத்தால் நல்லது என்றார் டாக்டர். நெஞ்செலும்பைப் பிளப்பார்களோ என்று நான் பயந்தே செத்தேன். விலாவில் துளை போட்டு, கமரா விட்டு எடுத்துவிட்டார்கள்!

நல்ல விசயம்தானே? அங்கேதான் வந்தது வினை.

சின்னக் காயமென்றால் சின்ன வருத்தம் — அதுதான் நம்ம சனத்தின் எண்ணம். மச்சாளே எழும்பி எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டார். வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவதா? "அதான் எடுத்தாச்சே, மறுகா என்னத்துக்குக் குளிசை?" என்று பாக்கியம் அக்கா கேட்க, மச்சாள் மத்தியானக் குளிசையையும் விழுங்காமல் விட்டுவிட்டார்.

சாப்பிட உட்கார்ந்தால் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. மச்சாள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நல்லகாலம், மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள்.

"சுரப்பியை எடுத்த பலன் தெரிய மாதக்கணக்காகும். நாங்க சொல்லாம ஒரு குளிசையும் நிப்பாட்டக் கூடாது. ஓய்வும் வேணும்" என்றார் டாக்டர்.

குளிசை சரி. ஓய்வு? நம்ம வீடுகளில் அது லேசில் கிடைக்கிற சாமானா?

என் மனைவி யோசித்தாள். நாலு முழம் வெள்ளைத் துணியை எடுத்து, கழுத்திலிருந்து வயிறு வரைக்கும், இறுக்காமல், சட்டைக்கு மேலேயே சுற்றிவிட்டாள்.

நேற்றுப் பாக்கியம் அக்கா திரும்பவும் வந்தார். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "என்ன புள்ள, ரெண்டாம் தரமும் வெட்டினதா?" என் மனைவி துணியின் முனையைச் செருகிவிட்டாள். "நீ எழும்பாத" என்று அவரே குசினிக்குள் போய், எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார்.

கதிரையில் சாய்ந்தபடியே ஒரு மிடறு குடித்துவிட்டு மச்சாள் சொன்னார்:

"சீனி கொஞ்சம் காணாது, அக்கா."