வெள்ளைத் தாளில் சுற்றிய கேக்

கிறிஸ்மஸ் கேக்கைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்குக் கல்முனையில் வேறெந்த முஸ்லிம் பெண்ணுக்கும் தெரிந்திருக்காது. பெருமைக்குச் சொல்லவில்லை. அதுவும் எனக்குத் தெரிந்தது முக்கால்வாசிதான். தெரியாத அந்தக் கால்வாசியால் நான் ஒரு தாயின் வயிற்றில் கொள்ளி வைத்தேன். முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்க வேண்டும்.

எங்களுக்குப் பேக்கரி. வாப்பாவுடையது. கலியாணம் முடித்து என் வீட்டுக்கு வந்த மனிதர், வாப்பா மௌத்தான பிறகு அதை எடுத்து நடத்தினார். முன்னால் கடை, நடுவில் பாண் சுடுகிற செங்கல் போறணை, பின்னால் எங்கள் வீடு. எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் கேக் சுட அடுப்பில்லை. அதனால் மார்கழி பிறந்தால் கிறிஸ்தவப் பெண்கள் மாவைக் குழைத்துத் தகரத்தில் ஊற்றி, எங்கள் பின் கடப்பு வழியாகக் கொண்டுவருவார்கள். முன்பக்கம் ஆண்கள் நிற்பார்கள் என்று அந்த வழி. தகரங்களை வாங்குவது, யாருடையது எது என்று வெவ்வேறு நிற நூல் கட்டி வைப்பது, மேல் கருகாமல் வாழையிலை மூடுவது, எல்லாம் என் வேலை. காலைப் பாண் இறங்கி, மத்தியான ளுஹர் தொழுகையும் முடிந்த பிறகு என் மனிதர் போறணை வாயில் கையை நீட்டிப் பத்து எண்ணுவார். பத்துக்கு முன் கையை இழுத்தால் சூடு கூட, கேக் வெடிக்கும். பத்தைத் தாண்டியும் கை நின்றால் சூடு காணாது, நடு வேகாது.

முதல் வருசமே ஒரு சண்டை. கேக்குக்குள் பிராந்தி ஊற்றுவார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள்.

"சாராயம் ஊத்தின மாவ என்ட போறணைக்குள்ள வெக்கேலா," என்று கையை விரித்துவிட்டார். தகரங்களோடு பெண்கள் முற்றத்தில் நிற்கிறார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதில் ஒருவர்தான் வழி சொன்னார். எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் சட்டை தைத்துத் தருகிறவர். நான் தையலக்கா என்பேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூப்பு.

"அதுக்கென்ன தம்பி, உங்கட போறணைக்கு வாற மட்டும் அதுல ஒரு சொட்டும் இரிக்காது. வீட்ட கொண்டு போய்த்தான் ஊத்துவம். அதுக்குப் பொறகு அது எங்கட பாவம்," என்றார். என் மனிதருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் போறணைக்கு வருகிற கேக்குக்கு மட்டும் முந்திரிகை வற்றலை, அதாவது காய்ந்த திராட்சையை, தேனிலும் இஞ்சிப்பாகிலும் ஊறப்போட்டார்கள். பிராந்தி, சுட்ட பிறகு, வீட்டில், கரண்டியால். கேக்கில் துளை போட்டுத் துளைக்கு ஒரு சொட்டாக ஊற்ற வேண்டுமாம். எந்தச் சமையல் புத்தகத்திலும் இந்தச் சங்கதியைக் காண முடியாது. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் முற்றத்தில் நின்று பேசி முடித்த காரியம் அது.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. கேக் வேகிற ஒன்றரை மணித்தியாலமும் அவர்களைத் துருவித் துருவிக் கேட்பேன். ஏன் இரண்டு மாதம் முன்னமே வற்றல் வெட்டுகிறீர்கள், ஏன் ரவையை வறுக்கிறீர்கள், ஏன் துண்டு துண்டாய்ப் பச்சைத் தாளிலும் சிவப்புத் தாளிலும் சுற்றி வீடு வீடாய்க் கொடுக்கிறீர்கள் என்று. தையலக்காவின் புருசன் இறந்த வருசம் அவர் வரவில்லை. மறு வருசம் வந்தபோது, "போன முறை எங்க அக்கா?" என்று கேட்டேன்.

"செத்த வீட்டுல அந்த வருசம் கேக் போடுறல்ல புள்ள. வாசல்ல நட்சத்திர வெளக்குக் கூடும் கட்டுறல்ல. மத்த வீட்டுக்காரங்கதான் அனுப்புவாங்க. கலர்த் தாள் சுத்துறல்ல, வெள்ளத் தாள். நாடாவும் கட்டப்படாது. அத வாங்கித் திண்டா, துக்கத்தில அவங்களுக்கும் பங்கு எண்டு அர்த்தம்."

எனக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. எங்களிலும் மையித்து வீட்டுக்கு அயலவர்கள்தானே சோறு கொடுப்பார்கள். மனதில் எழுதி வைத்ததுபோல வைத்துக்கொண்டேன்.

பிறகு எண்பதுகளின் நடுப்பகுதி வந்தது. அந்தக் காலத்தைப் பற்றி எழுத எனக்குக் கை கூசுகிறது. தமிழாக்களும் நாங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்த காலம். ஒரு வைகாசி மாதம் ஆமிக்காரர்கள் தமிழாக்களின் பகுதியைச் சுற்றி வளைத்துப் பொடியன்மாரை ஏற்றிக்கொண்டு போனார்கள். தையலக்காவின் ஒரே மகனும் அதில் போனான். பத்தொன்பது வயது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவன். முந்தின மார்கழியில் கேக் தகரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, "வெடிச்சா உங்களத்தான் பிடிப்பன்" என்று என்னைப் பகிடி பண்ணினவன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மனுசி ஆமிக் காம்ப் வாசலில் போய் நின்றார். கையில் அவன் மாற்றி உடுக்க என்று ஒரு தோய்த்த சேட். உள்ளே விடமாட்டார்கள், பதிலும் சொல்லமாட்டார்கள். மத்தியானம் வரை நின்றுவிட்டு வருவார்.

அந்தக் காம்புக்குப் பாண் கொடுத்தது நாங்கள். கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம். மாட்டேன் என்று சொல்ல அந்தக் காலத்தில் யாருக்கு இரண்டு தலை இருந்தது? என் மனிதர்தான் வான் வண்டியில் கொண்டுபோய், அவர்கள் சமைக்கிற குசினியில் இறக்கிவிட்டு வருவார். சனிக்கிழமைகளில் தையலக்காவைக் கடந்துதான் போக வேண்டும்.

"நீங்க உள்ள போற ஆளுதானே. ஒருக்கா விசாரிச்சா என்ன?" என்று நான் நச்சரித்தேன்.

"உன்ட வாய மூடிக்கித்து இரி."

"ஒரு தாய் நாய் மாதிரி வாசல்ல நிக்கிறா. உங்களுக்கு ஈரல் எண்டு ஒண்டு இரிக்கா?"

வைகாசிக்குப் பிறகு அந்த மனிதர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். தேத்தண்ணியை ஆறவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா, முகத்துக்கு நேரே சொன்னேன். ஒரு தடவை அல்ல.

மார்கழி பிறந்தது. முன்பெல்லாம் முற்றம் நிறையத் தகரங்கள் வரும். அந்த வருசம் ஏழோ எட்டோதான். தையலக்கா வரவில்லை. ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிற மிசி ஒருவர் தன் தகரத்தோடு வந்தார், அவரிடம் விசாரித்தேன்.

"அவ இந்த முறை கேக் போடல்ல. கூடும் கட்டல்ல. ஒருத்தரோடயும் கதைக்கிறதும் இல்ல," என்றார் மிசி.

சரி, முடிந்துவிட்டது, அந்த மனுசிக்கு ஏதோ தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பெற்ற வயிறு பொய் சொல்லாது, மகன் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார் என்று நானே கணக்குப் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் நாக்கு அறுந்தா விழுந்திருக்கும்? எல்லாம் தெரிந்தவள் என்ற கொழுப்பு.

மற்றவர்கள் அனுப்புகிறார்களோ இல்லையோ, இந்தச் சண்டை பிடித்த காலத்தில் ஒரு முஸ்லிம் வீட்டிலிருந்து போக வேண்டும், முறைப்படி போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். முட்டை அடித்து, ரவை வறுத்து, என் கையாலேயே கலந்து சுட்டேன். என் மனிதர் வந்து பார்த்தார்.

"ஆருக்கு?"

சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போனது.

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"வேணாமெண்டா வேணாம். விடு."

"எல்லாத்துக்கும் உங்களுக்குப் பயம்! ஒரு துண்டு கேக் அனுப்பவும் காம்புல கேட்டு வரணுமா?" என்று பாய்ந்தேன். அவர் போறணைப் பக்கம் போய்விட்டார்.

கிறிஸ்மஸ் பெருநாளுக்கு முதல் நாள் மத்தியானம், நல்ல வெள்ளைத் தாளாகப் பார்த்து எடுத்து, நாடா கட்டாமல் சுற்றி, பாண் சைக்கிள்காரரிடம் கொடுத்து அனுப்பினேன். கலர்த் தாள் ஒன்று கையில் பட்டபோது அதைத் தூக்கித் தூரப் போட்டதும் நினைவிருக்கிறது. அவ்வளவு கவனம்.

பின்னேரம் அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி தையலக்கா வந்தார். பின் கடப்பால் அல்ல, முன்னால், கடை வழியாக. கொட்டுகிற மழை. குடையில்லை. கடையில் வாங்க ஆளில்லை. என் மனிதர் மட்டும் தராசுக்குப் பக்கத்தில் இருந்தார். குரல் கேட்டு நான் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தேன். தையலக்கா கேக்கைப் பிரிக்காமல் அப்படியே நெஞ்சோடு பிடித்திருந்தார். வெள்ளைத் தாள் நனைந்து கிழிந்துபோயிருந்தது.

"ஆரு சொன்ன?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"என்ன அக்கா? என்ன ஆரு சொன்ன?"

"என்ட புள்ள இல்லையெண்டு ஆரு சொன்ன? வெள்ளத் தாள்ல சுத்தி அனுப்பி இரிக்காய். உனக்கு அது தெரியும், நான்தானே சொல்லித் தந்த. நீங்க காம்புக்குப் பாண் குடுக்கிற ஆக்கள். அங்க ஆரோ சொல்லித்தானே அனுப்பின?"

"அல்லாவே, இல்ல அக்கா! நீங்க கேக் போடல்லயெண்டு மிசி சொன்னா. கூடும் கட்டல்லயெண்டா. அதால நான்..."

"போடல்ல. எப்பிடிப் போடுற?" என்றார். "மாவு குழைச்சா வீட்டில உள்ள எல்லாரும் ஒருக்காக் கிண்டணும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் கிண்டப்படாது. வெளிநாட்டில இரிந்தாலும் வாற மட்டும் பாத்துக்கித்து இரிப்பம். செத்தவங்கள மட்டும்தான் விட்டுட்டுக் கிண்டுற. நான் தனியக் கிண்டினா என்ட புள்ள செத்திட்டான் எண்டு நானே சொன்ன மாதிரி. வற்றல் வெட்டி வெச்சிரிக்கன். அவன் வந்து கிண்டுவான் எண்டு வெச்சிரிக்கன். கூடும் அவன் வந்துதான் கட்டுவான்."

அந்தக் கால்வாசி இதுதான். ஒரு தாய் மகனுக்காகக் காத்துக்கொண்டிருந்ததை நான் துக்கம் என்று நினைத்து, துக்கத்துக்குரிய தாளைச் சுற்றி அனுப்பியிருக்கிறேன். எனக்கு என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

"எங்களுக்கு ஒண்டும் தெரியா அக்கா. குர்ஆன் மேல ஆணையாச் சொல்றன், ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. நான் மடச்சி, என்ட புத்திக்குப் பட்டதச் செஞ்சிட்டன். அவன் வருவான் அக்கா. இன்ஷா அல்லாஹ் வருவான்." சொல்லிக்கொண்டே என் மனிதரின் பக்கம் திரும்பினேன். "வாயத் திறந்து சொல்லுங்களன். நமக்கு ஒண்டும் தெரியாதெண்டு அக்காக்கிட்டச் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை.

"சொல்லுங்க!" என்று கத்தினேன்.

அவர் தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தார். படிக்கல்லை எடுத்தார், திரும்ப வைத்தார். நான் அவரைப் பார்த்தேன். தையலக்காவும் பார்த்தார். எனக்கு முன்னமே தையலக்காவுக்கு விளங்கிவிட்டது.

"எண்டைக்குத் தம்பி?" என்று கேட்டார்.

என் மனிதர் தலை நிமிராமல் சொன்னார். "ஏத்திக்கித்துப் போன அண்டைக்கே முடிச்சிட்டாங்களாம். காம்புக் குசினிக்காரன் சொன்னான். வெளிய சொன்னா அவனையும் வெச்சிரிக்க மாட்டாங்க, என்னையும் வெச்சிரிக்க மாட்டாங்க."

வைகாசியிலிருந்து மார்கழி வரை. எத்தனை சனிக்கிழமை என்று எண்ண எனக்குத் தைரியமில்லை. அந்த மனிதரோடு ஒரே வீட்டில் உண்டு உறங்கியிருக்கிறேன். ஈரல் இல்லையா என்று ஏசியிருக்கிறேன். அவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு பாண் சுட்டிருக்கிறார்.

தையலக்கா மா மூட்டையில் கையை ஊன்றிக்கொண்டார். "என்னக் கடந்துதானே தம்பி போன நீங்க. ஒரு கிழமையாவது வானை நிப்பாட்டிச் சொல்லியிரிக்கலாமே."

"சொன்னா நீங்க அண்டைக்கே செத்துப் போயிருவீங்க எண்டு பயந்தன் அக்கா."

"இப்ப மட்டும் நான் இரிக்கிறனா?"

கேக்கை மா மூட்டையின் மேல் வைத்துவிட்டு அவர் மழைக்குள் இறங்கிவிட்டார். நான் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டபடி பின்னால் ஓடினேன். பெரிய வீதி மட்டும் ஓடினேன். வீதிக்கு அங்கால் அவர்களுடைய பகுதி. எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் போய்த் திரும்பாத நாட்களும் இருந்தன. தையலக்கா வீதியைக் கடந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போவது தெரிந்தது. ஓரிடத்தில் கீழே உட்கார்ந்துவிட்டார். தூக்கிவிட அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. நான் வீதியின் இந்தக் கரையில் நின்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.