எட்டு மணி நேரம் வெந்த மாட்டிறைச்சி

கனடாவுக்கு வந்து இத்தனை வருடங்களாகியும் எனக்குப் பழகாத ஒன்று, ஆளில்லாத வீட்டில் கறி வேகிறது என்பதுதான். ஸ்லோ குக்கர் என்று ஒரு மின்சாரச் சட்டி. காலையில் எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடி, குமிழைத் திருகிவிட்டு வேலைக்குப் போய்விடலாம். கிண்டத் தேவையில்லை, மூடியைத் திறக்கவே கூடாதாம். எட்டு மணி நேரம் கழித்து வந்தால் இறைச்சி நார் நாராகப் பிரிந்து கிடக்கும். அடுப்பை எரியவிட்டு வேலிவரை போனதற்கே அம்மாவிடம் ஏச்சு வாங்கி வளர்ந்தவள் நான்.

சட்டியைத் தந்தவர் மிஸிஸ் பார்க். கொரியாக்காரர். ரொறன்ரோவில் அவருடைய சலவைக் கடையில்தான் நான் காற்சட்டைகளுக்கு விளிம்பு மடித்துத் தைக்கிறேன். மத்தியானத்தில் ஒன்றாகச் சாப்பிடுவோம். அவர் பெட்டியைத் திறந்தால் சோயா சோஸும் உள்ளியும் நல்லெண்ணெயும் ஏறிய மாட்டிறைச்சி மணம் கடையை நிறைத்துவிடும். நாள் தவறாமல் ஒரு துண்டை என் பக்கம் நீட்டுவார். நான் வேண்டாமென்று தலையாட்டுவேன். "தெரியும், உங்களுக்கு மாடு கடவுள்" என்பார். அதில்லை என்று சொல்ல வாயெடுப்பேன். என்னிடமிருந்த ஆங்கிலத்தில் அந்தக் கதையைச் சொல்ல முடியாது. மாட்டைக் கடவுளாகவே விட்டுவிடுவேன்.

அந்தக் கதை என் தம்பி குகனுடையது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊர். குகனுக்கு ஏறாவூரில் ஒரு முஸ்லிம் கூட்டாளி இருந்தான். அவன் வீட்டு மாட்டிறைச்சிக் கறியென்றால் தம்பிக்கு உயிர். தின்றுவிட்டு வந்தால் கிணற்றடியில் குளித்த பிறகுதான் அம்மா வீட்டுக்குள் விடுவார். அவனோ ஈரத்தலையோடு வந்து என் முகத்தில் ஊதி, "மணக்குதா?" என்று கேட்டுச் சிரிப்பான். ஒருநாள் வந்தாறுமூலைக்குப் போன பஸ்ஸை இராணுவத்தினர் மறித்து ஆண்களை இறக்கினார்கள். இறக்கப்பட்டவர்களில் அவனும் ஒருவன். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை.

நானும் அக்காவும் கண்ணகை அம்மன் கோயிலில் நேர்ந்துகொண்டோம். தம்பி வரும்வரை இருவரும் மச்சம் தொடுவதில்லை; மீனுமில்லை, இறைச்சியுமில்லை. வாவிக் கரையில் இருந்துகொண்டு மீனை விடுவதென்றால் பாதிச் சோற்றை விடுவதற்குச் சமம். அவன் வந்த அன்றைக்கு, அம்மா என்ன குதி குதித்தாலும், மாட்டிறைச்சியை என் கையால் காய்ச்சிக் கொடுப்பதென்று நான் தனியாக ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டேன். பிறகு என்னைக் கனடாவுக்கு அனுப்பிவைத்தார்கள். நேர்த்தியும் என்னோடு விமானம் ஏறியது. தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "என்ன கறி அக்கா?" என்பேன். "பருப்பும் கீரையும்தான் புள்ள" என்பாள். அந்தப் பருப்பையும் கீரையையும் கேட்டுத்தான் நான் இங்கே ஒவ்வொரு வாரத்தையும் கடத்தினேன்.

போன மாதம் அக்கா மகளின் பிறந்தநாள் படம் ஒன்று தபாலில் வந்தது. பிள்ளை கேக் வெட்டுகிறாள். மேசையில் ஒரு தட்டு நிறையப் பொரித்த இறால். அதைக்கூட விருந்தாளிகளுக்கு என்று நினைத்திருப்பேன். பின்சுவரில் குகனின் படம் தொங்கியது. படத்துக்கு மாலை. முன்னால் சின்னச் சிவப்பு மின்விளக்கு. பிள்ளையின் புதுச் சட்டையைக் காட்டுகிற அவசரத்தில் அக்கா சுவரை மறந்துபோயிருக்கிறாள்.

எங்கள் ஊர்ச் சந்திக் கடைத் தொலைபேசிக்கு அக்காவை அழைத்துவரச் சொல்லி எடுத்தேன்.

"அக்கா, குகன்ட படத்துக்கு ஆரு மாலை போட்டது?"

"நான்தான் புள்ள. ரெண்டு வருசமாச்சு. அம்மா படுத்த படுக்கையாகிட்டா. தான் கண்ண மூடமுந்தி மகனுக்குக் கிரியை செய்யோணும் எண்டு ஒரே அழுகை. மறுகா நான் என்ன செய்ய?"

"அவன்ட உடம்பக் கண்டீங்களா?"

"இல்ல."

"கண்ட ஆக்கள் ஆரும் சொன்னாங்களா?"

"இல்ல புள்ள."

"அப்ப நீங்களே முடிவெடுத்திட்டீங்க. என்னட்ட ஒரு சொல் கேக்கல்ல."

"கேட்டிருந்தா விட்டிருப்பியா?"

"விட்டிருக்கமாட்டன்."

"அதாலதான் கேக்கல்ல. நீ அங்க போய் மச்சத்த மட்டும்தான் விட்டாய். நான் ஏறி இறங்காத ஆமிக் கேம்ப் இல்ல. என்னால ஏலாமப் போச்சு."

அவள் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் என் கோபத்தை இன்னும் கிளப்பியது. அவள் களைத்துப்போனதை நான் மன்னிப்பேன். அந்தப் பருப்பையும் கீரையையும் மன்னிக்கமாட்டேன். தம்பிக்காக இரண்டு பேராகக் காத்திருக்கிறோம் என்று நம்பவைத்து, இரண்டு வருடம் என்னைத் தனியே காக்கவைத்தார்கள். துரோகம் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு சொல் தெரியவில்லை.

மறுநாளே மிஸிஸ் பார்க்கிடம் செய்முறை கேட்டேன். மாட்டின் தோள் இறைச்சி, சோயா சோஸ், மண்ணிறச் சீனி, உள்ளி, இஞ்சி, துருவிய பியர்ஸ் பழம் ஒன்று. கறிக்குள் பழமா என்று முழித்தேன். "பழம்தான் இறைச்சியை மெதுவாக்கும். ஆனால் இந்தச் சட்டியில் செய்வதை என் அம்மா பார்த்தால் அடிப்பார்" என்று சிரித்தார். என் பங்குக்கு நாலு செத்தல் மிளகாயைக் கிள்ளிப் போட்டேன். நேர்த்தி முடிந்ததென்று அவர்களே சொல்லியாயிற்று, இனி யாருக்காக விரதம் என்று மூடியை அமுக்கி மூடிவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு மட்டும் மூன்று காற்சட்டைகளைப் பிரித்துத் தைக்க வேண்டி வந்தது.

மாலையில், ருசி பார்க்கவேண்டுமென்று மிஸிஸ் பார்க்கும் கூடவே வந்தார். மூடியைத் திறந்தபோது வீடே மணத்தது. அவர் ஒரு வாய் தின்று, கண்ணை மூடித் தலையாட்டினார். நானும் ஒரு துண்டை எடுத்தேன். கோபம் கையை உதடுவரை கொண்டுபோனது. வாய் திறக்கவில்லை.

"மாடு கடவுளா?" என்றார்.

"இல்லை. என் தம்பி. அவன் இன்னும் வரவில்லை."

"தம்பி வருகிறாரா! உங்கள் நாட்டிலிருந்தா?"

"ஓம்" என்றேன், தமிழிலேயே. தலையாட்டலில் புரிந்துகொண்டார்.

"விசா. எனக்குத் தெரியும். என் அண்ணனுக்கும் இழுத்தடித்தார்கள். கடைசியில் வந்துசேர்ந்தார்."

அவரைத் திருத்தவேண்டும் என்று தோன்றவில்லை. உலகத்தில் என்னோடு சேர்ந்து அவனை எதிர்பார்க்க ஒருவராவது இருக்கட்டும் என்று பட்டது. அவர் அலுமாரியைத் துழாவி ஒரு பிளாஸ்டிக் பெட்டி எடுத்தார். நல்ல துண்டுகளாகப் பொறுக்கிப் போட்டு, சாறும் ஊற்றி இறுக்கினார். பெயர் கேட்டார். குகன் என்றேன். கைப்பையிலிருந்து பேனையை எடுத்து மூடியில் கொரிய எழுத்தில் எழுதி, பிரீசருக்குள் வைத்தார்.

அங்கே எங்கள் வீட்டுச் சுவரில், மாலைக்குக் கீழே, அவன் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று தமிழில் எழுதியிருக்கிறது. இங்கே என் பிரீசரில் ஒரு பெட்டியின் மூடியில், எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில், வெறும் பெயர் மட்டும் இருக்கிறது.