மூச்சு காட்டாத தசரதன்

புளியமரத்தை ஒட்டிய பாறையில் தசரதன் உட்கார்ந்தாகிவிட்டது. கால்களை மடக்கிப் போட்டு, கைகளை முழங்காலில் கவிழ்த்து, வாயை இறுக மூடி, மூக்கால் மட்டும் மூச்சு. சாமைக் கொல்லைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பாறையை உரசிக்கொண்டுதான் வழி. ஒரு காலத்தில் "இன்னா தசரதா, கூழு குடிச்சிட்டியா?" என்று கேட்டுப் போனவர்கள், இப்போது முள்ளும் கல்லுமாகக் கிடக்கும் எதிர்ச் சரிவில் இறங்கிச் சுற்றிப் போகிறார்கள். ஆடுகளுக்கு அந்த விவரம் எதுவும் தெரியாது. அவை வழக்கம்போல அவன் முதுகில் உடம்பைத் தேய்த்துவிட்டுப் போகின்றன.

அடுப்பில் சாமைச் சோறு கொதிக்கிறது. பாஞ்சாலை கதவோரம் நின்று புருஷனின் நெஞ்சைப் பார்க்கிறாள். ஏறுகிறதா, இறங்குகிறதா என்று அங்கிருந்து தெரியவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் தெரியாது. அதுதான் அவளுடைய தலைவலி.

இத்தனைக்கும் தசரதனின் மூச்சு ஊரைக் கூட்டும் மூச்சு. சின்ன வயதிலேயே பிடித்துக்கொண்ட இழுப்பு. தாலி கட்டிக்கொண்டு வந்த முதல் வாரமே பாஞ்சாலை பிறந்த வீட்டுக்கு ஓடிப்போனாள். "அந்தாளு தூங்கினா, வூட்டுக்குள்ள ஆரோ ரம்பம் போட்டு மரம் அறுக்கிற மாதிரி கீதும்மா" என்று அழுதாள். இரண்டு நாள் சோறு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போகப் போகப் பழகிவிட்டது. பழகியது மட்டுமா, அந்த ரம்பம் அறுத்தால்தான் அவளுக்குக் கண் மூடும் என்றாகிவிட்டது.

ஊருக்கும் அதில் ஆதாயம் இருந்தது. சாமைக் கதிர் முற்றினால் காட்டுப்பன்றிக் காவலுக்குத் தசரதனைத்தான் பரணில் ஏற்றுவார்கள். அவன் தகரம் தட்ட வேண்டாம், பந்தம் கொளுத்த வேண்டாம், படுத்துத் தூங்கினால் போதும். "எங்கண்ணன் வுடறது மூச்சு இல்ல, தமுக்கு" என்பான் தம்பி ராஜாக்கண்ணு. அண்ணனும் சேர்ந்து சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும், இருமினால் இழுப்பு வரும், பிறகு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷத்து மழையில் மலைப்பாதையில் பாறை உருண்டு பஸ் நின்றுபோனது. ஜமுனாமரத்தூருக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வழியில்லை. பரணில் தனியாக இருந்த தசரதனுக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. காற்றை எவ்வளவு இழுத்தாலும் உள்ளே போகவில்லை. சாவு வந்துவிட்டது என்று நினைத்தவன், சரி போகட்டும் என்று இழுப்பதை விட்டான். உள்ளே இருந்ததை மட்டும் மெதுவாக, மிக மெதுவாக வெளியே விட்டான். அடைப்பு கொஞ்சம் இளகியது. இன்னும் மெதுவாக விட்டான். விடிந்தபோது உயிரோடு இறங்கி வந்தான்.

"மாட்டக் கயித்தப் புடிச்சி இழுத்தா, நாலு காலையும் ஊணிக்கினு நிக்கும். வுட்டுட்டு பின்னால நடந்து பாரு, அதுவா வூட்டுக்குப் போவும். மூச்சும் அதே கதைதான்" என்பான். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பயம் சொல்லிக் கொடுத்தது.

அன்று முதல் தினமும் காலையில் பாறையில் உட்கார ஆரம்பித்தான். அடுத்த மழைக்குள் ஆளே மாறிவிட்டான். புளியமரத்தின் உச்சிக் கிளை வரை ஏறி உலுக்கினான். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் எங்கும் நிற்காமல் பஸ் ரோட்டுக்குப் போனான். முன்பு குழம்பில் உப்பு கூடினால் தட்டு பறக்கும். இப்போது விதைச் சாமையை ஆடு தின்றுவிட்ட அன்றுகூட, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கயிற்றைத் தேடப் போனான். "கோவம் வந்தா மொதல்ல மூச்சுதான் ஓடும். நீ அத ஓட வுடாத, கோவம் நொண்டி ஆய்டும்" என்று பெண்டாட்டிக்குப் புத்தியும் சொன்னான்.

பாஞ்சாலையும் ஆசைப்பட்டு ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொன்னபடி விட்டாள், வாங்கினாள். இடுப்பு வலி விலகியது. மனசில் இருந்த பாரம் ஒவ்வொன்றாக இறங்கியது. எல்லாம் இறங்கி முடிந்ததும் விதிர்த்து எழுந்து வீட்டுக்குள் ஓடிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "உள்ள ஆருமே இல்லாத மாதிரி இருந்திச்சிய்யா" என்றாள். பிறகு அவள் அந்தப் பாறையில் உட்காரவே இல்லை.

மூச்சின் சத்தம் குறையக் குறையத்தான் வேறு சில சங்கதிகள் ஆரம்பித்தன. ஒரு காலை பரணைச் சுற்றிப் பன்றிக் கால் தடம். சாமையைத் தின்று தீர்த்துவிட்டு, பரணுக்கு நேர் கீழே மண்ணைப் பறித்துக் குடும்பத்தோடு படுத்து எழுந்து போயிருந்தன. மேலே தசரதன் விழித்துத்தான் இருந்தானாம். ஊர் அவனைக் காவலிலிருந்து இறக்கிவிட்டது. அப்புறம் ஓர் அணில் அவன் தோளில் உட்கார்ந்து புளியங்கொட்டை கொறித்ததைப் பிள்ளைகள் பார்த்தார்கள். அதற்கும் அப்புறம், ஒரு மத்தியானம், பிணந்தின்னிக் கழுகு ஒன்று பாறையில் இறங்கியது. அவசரம் ஏதும் இல்லாமல் தத்தித் தத்தி அவன் பக்கம் போய், மொட்டைக் கழுத்தை நீட்டி முகத்தைப் பார்த்தது. பாஞ்சாலை அகப்பையோடு ஓடினாள். கழுகு மனசில்லாமல் பறந்தது.

"இன்னா?" என்று கண்ணைத் திறந்தான் தசரதன்.

"ஒண்ணுமில்ல" என்றாள். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

போன மார்கழியில் அவள் சந்தைக்குப் போய்விட்டுப் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஒப்பாரி கேட்டது. மங்கம்மாளின் குரல். அந்தப் பக்கத்தில் எந்தச் சாவுக்கும் அவள்தான் முதல் அடி எடுத்துப் பாடுவாள். பாட்டில் தசரதன் பெயர் வந்தது. சந்தைச் சாமானை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். தசரதன் பாறையில் உட்கார்ந்தபடியே இருந்தான். கூப்பிட்டிருக்கிறார்கள், கிள்ளியிருக்கிறார்கள். உடம்பு சில்லிட்டிருந்தது. மங்கம்மாள் இலவம்பஞ்சை மூக்கருகே பிடித்துப் பார்த்திருக்கிறாள். பஞ்சு அசையவில்லை. சரிவுக்குக் கீழே ராஜாக்கண்ணு அழுதுகொண்டே குழி வெட்டி முடித்திருந்தான். பாஞ்சாலை மேலே விழுந்து கதறிய கதறலில் தசரதன் கண்ணைத் திறந்தான்.

"இன்னா கூட்டம்?"

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள் என்றுதானே நினைப்போம்? ஒருவரும் சிரிக்கவில்லை. சேர்ந்தாற்போல் பின்னால் நகர்ந்தார்கள். பாதிப் பாட்டில் நின்ற மங்கம்மாளுக்குத் திறந்த வாய் மூடவில்லை.

"ஒப்பாரி காதுல விழலியாய்யா உனக்கு?" என்று கேட்டாள் பாஞ்சாலை.

"வுழுந்திச்சி. தூரத்துல ஆருக்கோ அழறாங்கன்னு நெனச்சேன்" என்றான்.

ஊர் கூடிப் பேசியது. எடுத்த ஒப்பாரியைத் திரும்ப வாங்க முடியாது, வெட்டின குழியை வெறுமனே மூடவும் கூடாது. ஆள் நீளத்துக்கு ஒரு வாழைமரத்தைச் சாய்த்து, அவனுடைய வேட்டியைச் சுற்றி, "தசரதா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளினார்கள். தசரதனும் நின்று பார்த்தான். அன்றிலிருந்து ஊரில் யாரும் அவனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மண்ணுக்குள் போன பெயரை மேலே இருக்கிறவனுக்கு வைத்துக் கூப்பிட யாருக்கும் நாக்கு எழவில்லை.

"இத வுட்டுடுய்யா" என்று காலைப் பிடித்துக்கொண்டாள் பாஞ்சாலை. "பஸ்ஸு கொஞ்சம் லேட்டா வந்திருந்தா உன்ன உசுரோட பொதச்சிருப்பாங்க."

சரி என்று விட்டான். ஆடி மாதச் சாரலில் பழைய இழுப்பு தேடி வந்தது. கண் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைத்து, ஒரு வாய்க் காற்றுக்குப் புருஷன் படுகிற பாட்டை மூன்று நாள் பார்த்தாள். நான்காம் நாள் அவளே கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பாறையில் உட்கார வைத்தாள். இப்படி உட்கார்ந்தால் ஊர் புதைத்துவிடும், உட்காராவிட்டால் இழுப்பு கொன்றுவிடும்.

அதிலிருந்து அவள் சந்தைக்குப் போவதில்லை. தாய் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போவதில்லை. விறகுக்குப் போனாலும் பாறை கண்ணில் படுகிற தூரம்தான்.

இன்றைக்குச் சோறு வடித்து, ஆறி, வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தும் அவன் எழுந்திருக்கவில்லை. இத்தனை நேரம் அவன் உட்கார்ந்ததே இல்லை. பாஞ்சாலை பாறைக்குப் போனாள். கன்னத்தைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. மலைக்காற்றும் சில்லென்றுதான் வீசிக்கொண்டிருந்தது. மெதுவாகக் கூப்பிட்டாள். பிறகு சத்தமாகக் கூப்பிட்டாள். போன தடவை கதறிய மாதிரி கதறலாம் என்று வாய் வரை வந்தது. அதற்கும் அவன் கண் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியதும் கதறலை விழுங்கிக்கொண்டாள்.

வரப்பு வெட்டிவிட்டு வந்த ராஜாக்கண்ணு தள்ளியே நின்றான். அவனுக்குப் பின்னால், சரிவில், மங்கம்மாளும் இன்னும் நான்கைந்து பேரும் வந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணி, காலையிலேர்ந்து இப்படியேவா கீறாரு?"

"ஆமா. கீறாரு."

"தொட்டுப் பாத்தியா?"

அவள் சரிவைப் பார்த்தாள். மங்கம்மாள் மடியை அவிழ்த்துப் பஞ்சைத் தேடுவது தெரிந்தது.

"அக்கா, வாயத் தொறக்காத. நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் அழக் கூடாது" என்றாள் பாஞ்சாலை. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. பிறகு ராஜாக்கண்ணுவைப் பார்த்துக் கையை நீட்டினாள். எதற்கு என்று தெரியாமலே அவன் தோளிலிருந்த மண்வெட்டியை, போன மார்கழியில் குழி வெட்டிய அதே மண்வெட்டியை, எடுத்துக் கொடுத்தான். அவள் அதைப் புருஷனுக்குப் பக்கத்தில் பாறைமேல் கிடத்தி, சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.