பூச்சாடியின் பின்பக்கம்

காலை ஏழு மணிக்குள் விமலகுமாரி ஆந்தூரியங்களுக்கு நான்கு முறை தண்ணீர் தெளித்துவிட்டாள். நெய்யாற்றின்கரை மலர்க் கண்காட்சிக்குப் போக ஆட்டோ எட்டரைக்குத்தான் வரும். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே தேநீரைக் குடித்தாள்.

"ஏட்டி, கொஞ்சம் இரி. பூ எங்கயும் ஓடிப்போவாது" என்றார் கணவர் பொன்னையன், ரப்பர் வெட்டிவிட்டு வந்து கை கழுவியபடி.

"உங்களுக்கென்ன! வாட்ஸ்ஆப் ராணின்னு எல்லாரும் சிரிக்கது என்னையாக்கும்."

அந்தப் பட்டம் கொரோனா கொடுத்தது. அந்த வருடம் கண்காட்சி செல்போனுக்குள் நடந்தது. ஆளாளுக்குப் படம் எடுத்து அனுப்பினார்கள். பூ அலங்காரத்தில் விமலகுமாரிக்கு முதல் பரிசு. அதுவரை இரண்டாம் இடத்தைத் தாண்டாதவள் அவள். படத்தில் யாரும் ஜெயிக்கலாம் என்று அவள் ஊரான பெருங்கடவிளை முழுக்கப் பேச்சு. பிறகு சில வருடங்கள் கண்காட்சியே இல்லை. பேச்சு மட்டும் நின்றபாடில்லை. இன்று மண்டபத்தில், நாலு பேர் முன்னால் முதல் பரிசு வாங்கினால்தான் அது அடங்கும்.

இருபத்தாறு வருடத்துக்கு முன் தேவாலயச் சபை மண்டபத்தில் பதினொரு சாடியோடு தொடங்கிய கண்காட்சி இது. முதலில் குரோட்டன்ஸும் ரோஜாவும். பிறகு ஆந்தூரியம், ஆர்க்கிட், போன்சாய் என்று வளர்ந்து, பூ அலங்காரப் போட்டியும் சேர்ந்து, பள்ளிக்கூடத்துக்கு இடம் மாறியது. எங்கே நடந்தாலும் மேசைகளைச் சுவரோடு ஒட்டித்தான் போடுவார்கள்.

இந்த முறை புதிய ஆடிட்டோரியத்தில் மேசைகள் வட்டமாக, நட்டநடுவில் கிடந்தன. விமலகுமாரி அதைப் பார்த்தாள், கவனிக்கவில்லை. முப்பத்தொரு வருடமாகச் சனிக்கிழமைதோறும் சபையின் பீடத்துக்குப் பூ வைக்கும் கை அவளுடையது. நனைந்த ஸ்பாஞ்சில் பூக்களைக் குத்திக்கொண்டே போனது. உயரம், சரிவு, நடுவில் சிவப்பு என்று குறை சொல்ல இடமில்லை. மணி அடித்தது. மணிக்குப் பிறகு யாரும் எதையும் தொடக்கூடாது.

கால் சும்மா இருக்குமா? மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பின்பக்கம் ஒரு பூ இல்லை. பச்சை ஸ்பாஞ்சு, கம்பி, டேப், நறுக்கிய தண்டுகள். பீடத்துக்கு எப்போதும் அப்படித்தான் வைப்பாள். சபையார் முன்னாலிருந்துதானே பார்க்கிறார்கள்!

கூட வந்திருந்த பொன்னையனைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. நடுவர்கள் நெருங்கியபோது என்ன செய்கிறோம் என்று தெரியாமல் சாடியின் முதுகை மறைத்து நின்றுகொண்டாள்.

"சேச்சி, ஒண்ணு மாறி நில்க்காமோ?" என்றாள் நடுவர் பெண், சிரித்தபடி.

அவள் விலகி நின்றாள். நடுவர் குனிந்து பார்த்தாள், எதையோ எழுதினாள், போய்விட்டாள். மாலையில் மூன்றாம் பரிசுவரை பெயர் வாசித்தார்கள். விமலகுமாரியின் பெயர் வரவில்லை.

திரும்பும் வழியில் ஆட்டோவில் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அதியன்னூர் தாண்டியதும் அடக்க முடியவில்லை.

"சாடிக்குப் பொறத்த அப்பிடி மொட்டையா இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம பின்ன? ஞாயித்துக்கிழம தோறும் அதத்தானே பாத்துட்டு இருக்கேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பொன்னையன் சபை க்வயரில் பாடுகிறவர். க்வயர் பெஞ்சு பீடத்துக்குப் பின்னால்.

"முப்பத்தொரு வருசமா! ஒரு வாக்கு சொல்லப்பிடாதா?"

அவர் வெளியே பார்த்தார். "பொறத்த இருக்க எங்களுக்கு உள்ளது அவ்வளவுதான்னு நெனச்சேன்."

அவளுக்குக் கோபம் வந்தது, அதைவிட வெட்கம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை யாருமில்லாத சபைக்குள் சாடியைத் திருப்பி வைத்தாள். இருந்த ஒன்பது ஆந்தூரியத்தில் பெரியதை முதலில் பின்பக்கம் குத்தினாள். க்வயர் பெஞ்சில், பொன்னையன் இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தாள். எழுந்து வந்து இன்னும் மூன்றை அங்கேயே குத்தினாள்.

மறுநாள் ஆராதனையில், இந்த வாரம் பூ குறைவோ என்று பக்கத்தில் இருந்த வேதமணி காதைக் கடித்தாள். விமலகுமாரியின் கவனம் க்வயரில் இருந்தது. பீடத்துக்குப் பின்னால், அந்த நாலு பூவுக்கு நேரே, பொன்னையன் முதல் பாட்டின் இரண்டாம் அடியைப் பாடாமல் விட்டது அவளுக்குக் கேட்டது.