குருநகருக்குப் போன ஆறு இலக்கம்

சென்ற திங்கட்கிழமை தொண்டைமானாற்றில் கால் நனைக்கக் குனிந்தேன். கையிலிருந்த போன் தண்ணீருக்குள் போய்விட்டது.

சரி, போன்தானே... போகட்டும் என்று புதிது வாங்கினேன். மின்னஞ்சலைத் திறந்தால் கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன். சரியான கடவுச்சொல்தான். ஆனாலும் நம்பவில்லை! 'நீங்கள்தானா என்று உறுதிப்படுத்த, உங்கள் தொலைபேசி இலக்கத்துக்கு ஆறு இலக்கக் கோட் ஒன்று அனுப்பியிருக்கிறோம்' என்றது.

எந்த இலக்கம்? கடைசி இரண்டு எண்களைப் பார்த்ததும் விளங்கியது. உடுவிலில் எங்கள் வீட்டுப் பக்கம் சிக்னல் இல்லையென்று போன வருடம் நான் கைவிட்ட சிம்!

'வேறு வழியை முயலுங்கள்' என்றொரு பட்டன் இருந்தது. ஆசையோடு அழுத்தினேன். அதே இலக்கத்துக்குக் கோல் எடுத்து அந்தக் கோட் என்னவென்று வாசிப்பார்களாம். அதுதான் வேறு வழி!

என் பாடு என்றால் விட்டிருப்பேன். நான் படிப்பித்த பிள்ளை கவிதா, வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அவளைப் பற்றி நான் எழுதும் கடிதத்தை, அந்த மின்னஞ்சலுக்கு வந்த இணைப்பில்தான் ஏற்ற வேண்டும். கொடுத்த முகவரியை இனி மாற்ற முடியாது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்று வியாழன். அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

கடைசியில் என் பழைய இலக்கத்துக்கு நானே கோல் எடுத்தேன். ஒரு பெண் எடுத்தார்; நான் விட்ட இலக்கத்தைக் கொம்பனி அவருக்குக் கொடுத்திருக்கிறது. பின்னால் ஒரே மீன் விலை பேசும் சத்தம். விஷயத்தைச் சொன்னேன்.

"ஓம், ஆறு இலக்கம் வந்து கிடக்குது. ஆனா சொல்லேலாது."

"ஏன் தங்கச்சி?"

"ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு அதிலையே போட்டிருக்கு. எங்கடை அண்ணை உப்பிடித்தான் ஒருத்தனுக்குச் சொன்னவர். அவன் அண்ணையின்ரை பேஸ்புக்குக்குள்ளை பூந்து, சொந்தக்காரர் எல்லாரிட்டையும் காசு கேட்டவன். போனை வையுங்கோ!"

கோபம் வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது? அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லையே!

திரும்ப எடுத்தேன். "நான் நேரிலை வாறன். எங்கை நிக்கிறியள்?"

கொஞ்சம் யோசித்தார். "குருநகர் மீன் சந்தைக்கு வந்து ஜெசிந்தா எண்டு கேளுங்கோ. அடையாள அட்டையைக் கொண்டு வாங்கோ."

என் கணக்கைத் திறக்க, வேகாத வெயிலில் பஸ் ஏறினேன். இதற்குப் பெயர் இணைய வசதி!

ஜெசிந்தாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஈரக் கையைத் துடைத்துவிட்டு என் அட்டையை வாங்கினார். அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி அட்டையை...

"படத்திலை மெலிவாய் இருக்கிறியள்."

"அது பழைய படம், தங்கச்சி."

"சரி. இதிலை நிண்டு அமத்துங்கோ. இப்ப என்ரை போனுக்கு வந்தால் தாறன்."

அழுத்தினேன். அவர் போன் கிணுங்கியது. அதே நேரம் ஒருவர் வந்து பாரை மீனுக்கு விலை கேட்டார். பேரம் முடிந்து மீனை வெட்டிக் கொடுத்துவிட்டு ஜெசிந்தா இலக்கத்தைச் சொல்ல, நான் அடிக்க... 'இந்தக் கோட் காலாவதியாகிவிட்டது.'

அழுகை வந்துவிட்டது. உண்மையாகத்தான் சொல்கிறேன். சந்தை நடுவில், இந்த வயதில்!

ஜெசிந்தா கத்தியைக் கீழே வைத்தார். "அழாதேங்கோ டீச்சர். திருப்பி அமத்துங்கோ. இனி ஆர் வந்தாலும் நான் திரும்ப மாட்டன்."

இரண்டாம் முறை திறந்தது. முதல் வேலையாக இலக்கத்தை மாற்றினேன். அங்கேயே ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து, பஸ்ஸில் வரும்போது போனில் எழுதிய கடிதத்தை ஏற்றினேன். கவிதாவுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். "தாங்ஸ் டீச்சர்" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்!

பாதுகாப்பு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் இத்தனை பூட்டுப் போட்டவர்களில் ஒருவரைக்கூட முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்க முடியவில்லையே! என் முகத்தைப் பார்த்து நான்தான் என்று ஒப்புக்கொண்டவர் ஜெசிந்தா ஒருவர்தான்.

புறப்படும்போது அவர் கூப்பிட்டார். "டீச்சர், ஒரு ஐயா கிழமைக்கு ஒருக்கா எடுத்து, பேப்பரிலை வாற உங்கடை எழுத்து நல்லாயிருக்கெண்டு சொல்லுறவர். ஆரெண்டு விளங்காமல் நானும் ஓம், சந்தோசம் எண்டு சொல்லி வைக்கிறனான். உங்களுக்குத்தானோ அது?"

ஐயா, உங்கள் பாராட்டெல்லாம் குருநகரில் பத்திரமாக இருக்கிறது!