பின்படிக்கட்டில் அடுக்கிய பெட்டிகள்

காமாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் கீழே எங்கள் பட்டுக்கடை, மாடியில் ஜெர்மன் வகுப்பு. வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள்தான் அதில் படிக்கிறார்கள். மருமகளின் பிரசவத்துக்கு ஜெர்மனி போகவேண்டியிருந்ததால் நானும் சேர்ந்தேன்.

அன்று ஆபத்து நேரத்தில் பேசவேண்டிய வாக்கியங்கள். "அவசர வழி எங்கே?" என்பதை "வோ இஸ்ட் டேர் நோட்டவுஸ்காங்?" என்று நான் பிசகாமல் சொன்னதும், டீச்சர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். எனக்கு ஒரே பெருமை.

கொஞ்ச நேரத்தில் முன்படிக்கட்டில் இருந்த இன்வெர்ட்டர் புகைய ஆரம்பித்தது. எல்லோரும் பின்கதவுக்கு ஓடினோம். எவ்வளவு தள்ளியும் அது திறக்கவில்லை. முகூர்த்த சீசனுக்கு வந்த புடவைப் பெட்டிகளை அந்தப் பக்கப் படிக்கட்டில் அடுக்கச் சொன்னவளே நான்தான். வேறு வழியில்லாமல் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்பக்கமே, புகைக்குள் இறங்கினோம். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"அங்க யாருமா பொட்டி அடுக்கனது?" என்று இருமிக்கொண்டே ஒரு பெண் கேட்டாள்.

"கடை ஆளுங்க வேலையா இருக்கும்மா," என்றார் கடையிலிருந்து ஓடிவந்த என் கணவர். நான் வாயைத் திறக்கவில்லை. கடை ஆட்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் பெட்டிகளை அகற்றிவிட்டு, கடை ஆட்களையும் வகுப்புக்கு அழைத்து எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். இப்போது தினமும் பின்கதவை நானே திறந்து, அந்தப் படிக்கட்டில் ஏறித்தான் வகுப்புக்குப் போகிறேன்.

மன்னிப்புக் கேட்கும் ஜெர்மன் சொல்லை முதல் பாடத்திலேயே படித்திருந்தேன். அன்று தமிழில் கேட்கத்தான் நாக்கு எழவில்லை.