கிழமை தெரிந்த கோளாறு

அந்தக் குடியிருப்பில் அவளை எல்லோரும் அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் பிள்ளைகள் இரண்டும் கூப்பிட ஆரம்பித்தது, மெல்ல மாடிப்படி இறங்கி, தண்ணீர் கேன் போடுகிறவர் வரைக்கும் தொற்றிக்கொண்டது. புருஷனோடு ஒத்துவராமல் ஒற்றைப் பெட்டியோடு வந்து நின்றவளை, "கொஞ்ச நாள் இரு, பாத்துக்கலாம்" என்று உள்ளே கூட்டிப்போனவன் அண்ணன். அந்தக் கொஞ்ச நாளில் கைக்குழந்தைகள் தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடம் போகிற அளவுக்கு வளர்ந்துவிட்டார்கள். அண்ணனுக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை, அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் வேலை, மிச்சமெல்லாம் அத்தைக்கு. அடுப்புப் பற்றவைப்பதில் இருந்து ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது வரை அவள் கைபடாமல் அங்கே ஒன்றும் நடக்காது.

நாற்பது தாண்டி அவளுக்கு ஒரு வேலை வந்தது. வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலேயே மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து, மெஷின் மக்கர் பண்ணுகிறது என்று கூப்பிடுகிறவர்களுக்கு வழி சொல்ல வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம்தான் வேலை நேரம். முதலில் சோதனைக் காலம். அதில் தேறிவிட்டால் வேறு ஊரில் தலைமை அலுவலகம், முழுநேர வேலை, தங்குவதற்கு அறை. தனக்கென்று ஓர் அறை, அதன் சாவி தன் இடுப்பில். அத்தை இதை வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, அந்த அறையில் கட்டில் எந்தப் பக்கம் போடுவது என்பது வரை மனசுக்குள் முடிவாகிவிட்டது.

அண்ணி விஷயத்தைக் கேட்டவுடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "நீ போயிட்டா நான் திண்டாடிப் போயிடுவேன். எனக்கு இதுல இஷ்டமில்ல, இப்பவே சொல்லிட்டேன்" என்று பட்டென்று போட்டு உடைத்தாள். அண்ணன்தான் குறுக்கே புகுந்து சமாதானம் பண்ணினான். ஆபீஸில் ஓரங்கட்டிய மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்து, தன் கைக்குட்டையாலேயே துடைத்து அவள் மடியில் வைத்தான். "நீ போ குட்டி. உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமா?" என்றான். குட்டி என்று அவளைக் கூப்பிட உலகத்தில் அவன் ஒருவன்தான் மிச்சம். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று அன்றைக்கு முழுக்க நினைத்து நினைத்து உருகினாள். பாவம், அவள் உருகியதில் தப்பில்லை.

வேலையை அவள் கற்பூரம் போலப் பிடித்துக்கொண்டாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு வழிமுறை. எப்போது நடக்கிறது, எப்போது நடக்கவில்லை என்று கேள், ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வா, மிஞ்சுவதுதான் கோளாறு. கூடவே ஒரு கண்டிப்பு: மெஷினைச் சந்தேகப்படு, மனுஷனைச் சந்தேகப்படாதே. வாடிக்கையாளர் பொய் சொல்கிறார் என்று நினைத்தாலே குரலில் தெரிந்துவிடுமாம். அத்தைக்கு இந்தப் பாடம் ரொம்பப் பிடித்திருந்தது. முதல் வாரத்திலேயே மேற்பார்வை பார்க்கும் அம்மாள், இப்படியே போனால் தலைமை அலுவலகத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி உண்டு என்றாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது அத்தை அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த வாரம் நெட் படுத்த ஆரம்பித்தது. வைஃபை அடையாளம் முழுசாக நிற்கும், உள்ளே ஒன்றும் வராது. பேசிக்கொண்டிருக்கிற வாடிக்கையாளர் பாதி வார்த்தையில் காணாமல் போவார். அரை மணி கழித்து எதுவுமே நடக்காதது மாதிரி தானாக வந்துவிடும். அத்தை ரவுட்டரை அணைத்துப் போட்டாள். மடிக்கணினியை அணைத்துப் போட்டாள். வைஃபை பெயரையே அழித்துவிட்டு மறுபடி பாஸ்வேர்டு போட்டுச் சேர்த்தாள். மைக்ரோவேவ் பக்கத்தில் இருந்தால் ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதைத் தூக்கித் துணி துவைக்கும் இடத்தில் வைத்தாள். இரண்டு நாள் எல்லோரும் அங்கே போய்த்தான் பால் சுடவைத்தார்கள். போனில் இருந்து நெட்டை இழுத்துப் பார்த்தால், அந்த வீட்டுக்குள் போன் சிக்னல் ஜன்னலோரத்தில் மட்டும்தான் வரும், அதுவும் குரல் விக்கும். ஆனால் ஒன்று, மடிக்கணினி செத்துக் கிடக்கிற அதே நேரத்தில் அவளுடைய பழைய போன் அதே வைஃபையில் ஜம்மென்று ஓடியது. அப்படியானால் மடிக்கணினிக்குத்தான் வயதாகிவிட்டது என்று அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

அண்ணன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஆபீஸ் விட்டு வந்த சட்டையோடு மேசைக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து ஒயர் ஒயராக ஆராய்ந்தான். நெட் கம்பெனிக்காரனைப் போனில் பிடித்து அவன் பரம்பரையையே இழுத்தான். மடிக்கணினியின் பக்கவாட்டில் செருகுகிற வைஃபை குச்சி ஒன்றை வாங்கிவந்து தானே செருகிக் கொடுத்தான். அது இரண்டு நாள் நன்றாக வேலை செய்தது, பிறகு அதுவும் படுத்துக்கொண்டது. அன்றைக்கு அவன் குரலைத் தாழ்த்தி, அண்ணிக்குத்தான் இதில் இஷ்டமில்லையே, போகிற வருகிற நேரத்தில் எதையாவது அசைத்துவிடுகிறாளோ என்னமோ என்றான். அத்தை பயிற்சியில் படித்ததை மறந்து மனுஷியைச் சந்தேகப்பட்டாள். அதற்கப்புறம் அண்ணி ஒன்று கேட்டால் அரை வார்த்தையில் பதில் சொன்னாள். அண்ணியும் ரோஷக்காரி, அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

மேற்பார்வை அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, வியாழக்கிழமை கடைசித் தேர்வு என்றாள். முந்தின நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வாடிக்கையாளரிடம் கேட்பது போல அத்தை தன்னையே கேட்டுக்கொண்டாள், எப்போது நடக்கிறது? திங்கள் என்றால் வேலை ஆரம்பித்தவுடனே. செவ்வாய் என்றால் கடைசி அரை மணி. வியாழன் என்றால் பதினொன்றுக்கு மேல். போன வாரமும் அப்படியே, அதற்கு முந்தின வாரமும் அப்படியே. சனி, ஞாயிறு கிடையவே கிடையாது. ஒயருக்கு ஏது திங்கள், செவ்வாய்? கையில் இருந்த தலையணை உறையை அவள் மடிக்கவே மறந்துவிட்டாள்.

தேர்வைப் பதினொன்றுக்கு முன்னால் வைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். முடியாது என்றுவிட்டார்கள். வியாழக்கிழமை, தேர்வு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், தேர்வாளரின் முகம் திரையில் உறைந்து நின்றது. அத்தை மடிக்கணினியை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா கதவைத் தட்டினாள். அவர்கள் வைஃபையில் போட்டவுடனே அது குதித்துக்கொண்டு வேலை செய்தது. ஆனால் அந்தப் பக்கம் தேர்வாளர் மூடிவிட்டுப் போயிருந்தார். மடிக்கணினி மேல் குற்றமில்லை, போன் ஓடுகிறது என்றால் லைன் மேலும் குற்றமில்லை. மிஞ்சியது ரவுட்டர்.

வீட்டுக்கு வந்து போனிலேயே ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தாள். அண்ணன் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பவன். அவனுடைய கரண்ட் பில்லில் இருந்து காஸ் வரைக்கும் கட்டுவது அவள்தான் என்பதால் அது அவளுக்கு மனப்பாடம். உள்ளே, பிள்ளைகள் அளவுக்கு மீறி நெட் பார்க்காமல் இருக்க நேரம் குறித்து வைக்கிற இடம் ஒன்று இருந்தது. அங்கே பையனுடைய டேப்லெட், பெண்ணுடைய டேப்லெட். அவற்றுக்குக் கீழே 'குட்டி'. அதற்கும் கீழே 'குட்டி 2'. கிழமைக்கு ஒரு நேரம் என்று அரை அரை மணியாக, பார்த்துப் பார்த்துக் குறித்திருந்தது. தானே வாங்கி, தானே செருகிய அந்தக் குச்சியைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை.

அத்தை அழவில்லை, முதலில் வெட்கம்தான் வந்தது. புருஷனைப் பிரிந்து வந்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. அவன் அந்நியன், போகட்டும் என்று தேற்றிக்கொள்ள முடிந்தது. இவன் கூடப் பிறந்தவன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள், இல்லை, இங்கேயே தங்கிக்கூட இருப்பாள். நல்ல அண்ணன் என்ற பெயரும் போகக்கூடாது, வீட்டு வேலைக்கு ஆளும் போகக்கூடாது என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். முதுகில் குத்துகிறவர்கள் அந்த முதுகைத் தடவியும் கொடுப்பார்கள் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் கம்பெனியில் இருந்து செய்தி வந்துவிட்டது. உங்கள் வேலையில் குறையே இல்லை, உங்கள் இணைப்பை நம்ப முடியவில்லை, இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்.

ராத்திரி பிள்ளைகள் தூங்கப் போன பிறகு, சாப்பாட்டு மேசையில், அந்தப் பக்கம் திறந்தபடியே போனை அண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.

"மேசைக்கு அடியில படுத்து டார்ச் அடிச்சியே அண்ணா, அப்ப என்னத்தைத் தேடுனே?"

அண்ணிக்கு விஷயம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. போனை எடுத்துப் படித்தாள், புருஷனைப் பார்த்தாள். "எனக்கும் நீ போறது பிடிக்கலதான். ஆனா நான் உன் மூஞ்சிக்கு நேரா சொன்னேன்" என்றாள் அத்தையிடம். அத்தையால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இத்தனை நாள் இந்த மனுஷியிடம் அரை வார்த்தை பேசியிருக்கிறோமே என்று கூனிக் குறுகிப்போனாள்.

அண்ணன் கையில் இருந்த சோற்றைத் தட்டிலேயே உதறினான். வெளியூரில் ஒற்றைப் பொம்பளை எப்படி இருப்பாள், நல்லது கெட்டது யார் பார்ப்பது, எல்லாம் அவள் நன்மைக்குத்தான் என்று ஆரம்பித்தான். அத்தை குறுக்கே பேசவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் பேசாமல் இருந்ததால்தானோ என்னவோ, கடைசியில் அவன் வாயில் உண்மை வந்துவிட்டது. "நீ போயிட்டா இந்த வீட்டை யாரு பாத்துக்குவா? சொல்லு, யாரு?"

வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று அத்தை சொன்னாள். அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டான். அது வருத்தம் இல்லை என்பது அந்த மேசையில் இருந்த மூன்று பேருக்குமே தெரிந்தது. சட்டைப்பையில் இருந்து தன் போனை எடுத்து, கட்டைவிரலால் இரண்டு மூன்று இடம் தட்டினான்.

"சரி விடு, நடந்தது நடந்துபோச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டேன். இனிமே உனக்கு நெட் கட்டாகாது, போதுமா?"

அதை அவன் சமாதானமாகத்தான் சொன்னான், சொன்ன வார்த்தையையும் காப்பாற்றினான். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் நெட் ஒரு நிமிஷம்கூட நின்றதில்லை.